வாயாடிப் பிள்ளை

அவளுடைய கையை நான்தான் விட்டேன். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆள் அடித்த பந்து அஸ்கிரிய மைதானத்தின் எல்லையைத் தாண்டிப் பறந்தது. நானும் சின்னப் பையன் மாதிரி துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கினேன். திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் மகள் இல்லை. ஐந்து வயசுப் பிள்ளை.

உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி கண்டிக்கு வந்திருந்தது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆனால் நாவலப்பிட்டியிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினால், நகரமே கல்யாண வீடாகக் கிடந்தது. முன்பின் தெரியாத சிங்கள அம்மா ஒருத்தி வழியில் மறித்து மகளின் கன்னத்தில் கொடி வரைந்துவிட்டாள். என் அடையாள அட்டையை எப்போதும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பொலிஸ்காரர்கள், இன்றைக்கு ஜெயிப்போமா என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள். எனக்கே ஆச்சரியம்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்றேன். "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன். மேளமும் ட்ரம்பட்டும் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் கலகெதரையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிட்டேன். காலையிலிருந்து எங்களுக்குக் கடலை கொடுத்துக்கொண்டிருந்தவர். விளையாட்டை விட்டுவிட்டு எழுந்தார். "பதறாதீங்க தம்பி, புள்ள இங்கதான் ஈக்கும். நீங்க மேல பாருங்க, நான் கீழ பாக்கிறேன்." பின்வரிசையில் ட்ரம்பட் ஊதிய சிங்கள வாலிபர்களும் ஊதுவதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த புல்மேட்டில் ஏறினேன், இறங்கினேன். கன்னத்தில் கொடி வரைந்த பிள்ளைகள் எங்கே பார்த்தாலும். ஒன்றும் என் பிள்ளை இல்லை. அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? நடுவில் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஓர் அறிவிப்பு: வாய் பேச முடியாத ஒரு சிறுமி வாசலில் இருக்கிறாள், உரியவர்கள் வரவும். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டு என் பிள்ளையைத் தேடி எதிர்ப்பக்கம் ஓடினேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். நானா மூச்சு வாங்க வந்தார். "அந்த ஊமப் புள்ளயப் போய்ப் பாத்தீங்களா?"

"அது வேற யாரோ நானா. நம்ம புள்ள சரியான வாயாடி."

"வாயாடியா? காலையில இருந்து ஒரு வார்த்த பேசல்லயே தம்பி!"

எனக்குச் சுரீர் என்றது. ரயிலை விட்டு இறங்கும்போது நான்தான் அவள் காதில் சொன்னேன்: "அப்பா சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. யாரு கேட்டாலும் தமிழ்ல பேசக் கூடாது." கலவரங்களைப் பார்த்த குடும்பம் எங்களுடையது, வெளியே கிளம்பினால் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் புத்தி அதுதான். அவளுக்குச் சிங்களம் தெரியாது. பிறகு எதைத்தான் பேசுவாள்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாசலுக்கு ஓடினேன். ஒரு பெண் பொலிஸின் மடியில் இருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் "அனே பவ்" என்று பரிதாபப்பட்டு, ஒருத்தி பிஸ்கட்டும் ஒருத்தி குளிர்பானமும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையை நீட்டினாள். உதட்டை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

பெரிய பொலிஸ்காரர் ஒருவர் என்னை மறித்தார். "உன் பிள்ளை ஊமையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை சேர், நல்லாப் பேசுவாள்."

"அப்படியென்றால் இது உன் பிள்ளை இல்லை."

என் அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். இவ்வளவு பேருக்கு நடுவில் தமிழில் சத்தமாகப் பேசி எனக்கே பழக்கமில்லை. பயந்து செத்தேன் என்றே சொல்லலாம்.

"பேசு பாப்பா," என்றேன். "தமிழ்லயே பேசு. அப்பாதான் சொல்றேன், பேசு."

மடியிலிருந்து குதித்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, நான் யாருகிட்டயுமே பேசல! பொலிஸ் மாமா கேட்டாங்க, அப்பவும் பேசல!" கெட்டிக்காரி என்று நான் சொல்வேன் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். பொலிஸ்காரரும் சிரித்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"என்னைக் காணாமல் பயந்துவிட்டாளாம், சேர்."

அந்த மனுஷர் குனிந்து அவள் தலையைத் தடவினார். இங்கே எல்லாரும் நம் ஆட்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். அவளும் அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்ல வரவில்லை.