பக்காலி மணலில் அக்கா நடந்தது

அக்காவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு எல்லோருமாகக் கடற்கரைக்குப் போய்வரலாம், பிள்ளைகளும் பேசிப் பழகினது போல இருக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மாதான் போனில் சொன்னார். எங்களைப் போல அவர்களும் தூத்துக்குடிப் பக்கம். தகப்பன் இல்லை, அம்மாவும் மகனும் கொல்கத்தாவில் சால்ட் லேக்கில் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அங்கேயே செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் அப்பாவுக்குக் கொல்கத்தா துறைமுகத்தில் உத்தியோகம். அக்கா வங்கியில் இருந்தாள், இருபத்தெட்டு வயது. எனக்கு இருபத்துநாலு.

அக்காவுக்கு வலது கால் கொஞ்சம் கட்டை. பதினோரு வயதில் பஸ்ஸிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு சரியாகக் கூடவில்லை. பென்டிங்க் தெருவில் ஒரு கடைக்காரர் அவளுக்கென்று உள்ளே உயரம் வைத்து ஷூ தைத்துக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டால் கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அக்கா இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

"மொதல்ல உன்னப் பிடிக்கட்டும். பொறவு நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

ஜனவரி மாதம். பல நாள் மூடுபனிக்குப் பிறகு அன்று நல்ல வெயில். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலில் அக்காதான் முதல் வாசகம் வாசித்தாள். அவளுக்கு நல்ல குரல். மாப்பிள்ளை தலை நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அன்று யோசிக்கவும் இல்லை.

வாடகை வண்டியில் பக்காலிக் கடற்கரைக்கு நாலு மணி நேரம். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அக்கா ஏதோ சொல்ல, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

காக்த்வீப்பில் தேநீருக்கு வண்டி நின்றது. கழிப்பறைக்கு வெளியே நானும் அவருடைய அம்மாவும் தனியாக நின்றோம். உங்க அக்கா எப்பவுமே இப்படி மெதுவாகத்தான் நடப்பாளா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"ஷூ போட்டிருந்தா அவ்வளவா தெரியாது ஆன்ட்டி" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டிக்குப் போனார்.

பக்காலியில் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ஈர மணல், தளம் போட்டதுபோல் இறுகியிருந்தது. எல்லோரும் தண்ணீரை நோக்கி நடக்கத் தொடங்கியபோது அவருடைய அம்மா நின்றார்.

"பிள்ளைய ஷூவக் கழத்திட்டு கொஞ்சம் முன்னால நடக்கச் சொல்லுங்க மதினி. நான் பாக்கணும்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா இளநீர் வாங்கி வருவதாகச் சொல்லி வந்த வழியே திரும்பிப் போனார். யாராவது வேண்டாம் என்று சொல்வார்கள் என அக்கா சற்று நேரம் நின்றாள். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி, ஜோடியாக மணலில் வைத்துவிட்டு நடந்தாள்.

அந்த வெயிலில் எதையும் மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் அவள் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது. தண்ணீர் வரை போய்த் திரும்பினாள். இன்னும் கொஞ்சம் வேகமாக என்று அவருடைய அம்மா சொன்னார். அக்கா மறுபடியும் போய் வேகமாக வந்தாள். மாப்பிள்ளை மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். எங்கள் அம்மாதான், ஓடுகிற ரயிலைப் பிடிக்கப் போகிறவள் போல் அவசரமாக, "சின்னவளும் நடக்கட்டுமே மதினி" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். யாரும் என்னை இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். திரும்பி வரும்போது அவர் மொபைலைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தார்.

மதியம் ஓட்டலில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். அவருடைய அம்மா அக்காவின் இலையில் பெரிய துண்டாக எடுத்து வைத்து, நன்றாகச் சாப்பிடு பிள்ளை என்றார். அக்கா முழுவதையும் சாப்பிட்டாள். திரும்பும்போது பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டயமண்ட் ஹார்பர் ஊரைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"நீ நடந்ததயும் பாத்தேன். நல்லாத்தான் நடந்த."

புதன்கிழமை போன் வந்தது. சின்னவளைத் தருவதாக இருந்தால் பேசலாம் என்றார்கள். அப்பா என்னிடம் கேட்டபோது அக்கா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாம் கேட்கும். உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னேன். அக்கா வெளியே வந்து, அவள் சரி என்கிறாள், தேதி பாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் கல்யாணம் ஈஸ்டர் முடிந்து நடந்தது. ஒரு வருடத்துக்குள் அக்கா கேட்டு வாங்கி சிலிகுரிக்கு மாற்றலாகிப் போனாள். என் மகளுக்குப் பிறந்தநாள் தவறாமல் உடுப்பு அனுப்புகிறாள், நேரில் வருவதில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய பிடிவாதம்தான் காரணம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். என்னிடம் யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.