சுற்றி முடிக்காத கேபிள்

போன திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை பாக்டரி. கீழ்த்தளத்தில், லிப்ட் ஏறி இறங்கும் குழியின் கம்பிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று மேலேயிருந்து பச்சைக் கொழுந்து விழுந்தது.

முதலில் ஒரு கை அளவு. அப்புறம் இன்னொரு கை. அப்புறம்... ஒரு கூடைக் கொழுந்து மொத்தமாக! கம்பி வழியாகச் சிதறி என் சட்டையெல்லாம் இலை.

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'அடடா, யார் இப்படிக் கொழுந்தை வீணாக்குவது?' அவ்வளவுதான் தோன்றியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா எருத்தேன்பதிக்காரன். தோட்டத்து மோட்டாரிலிருந்து பாக்டரி லைட் வரைக்கும் கரண்டு வேலை எடுத்துச் செய்பவன். அவசரக்காரன். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவேன். காப்பி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். "உங்களோட கால்ல சக்கரமா கட்டியிருக்குதுங்க?" என்று வீட்டில் கேட்காத நாள் கிடையாது.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் ஒரு லிப்ட் வேலையை ஒப்படைத்தார்கள்!

தேயிலை பாக்டரியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கீழ்த்தளத்தில் இலையை உருட்டி நசுக்கும் ரோலர்கள், காய வைக்கும் டிரையர்கள். அதற்கு மேலே மூன்று மாடி. பறித்து வந்த கொழுந்தை அந்த மாடிகளில் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட வைப்பார்கள். கொழுந்தை மேலே ஏற்றுவதற்கு இருந்த பழைய பெல்ட் தூக்கியைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரிக் லிப்ட் வைக்க வேண்டும். கம்பெனி லிப்ட் வந்து இறங்கிவிட்டது. அதற்கு உயிர் கொடுக்கிற கேபிளைத் தேர்ந்தெடுத்துப் போடுவது என் பொறுப்பு.

லிப்ட் மேலும் கீழும் போகிறது. அதன் உள்ளே விளக்கு எரிய வேண்டும், பட்டனை அமுக்கினால் மோட்டாருக்குச் செய்தி போக வேண்டும். எப்படிப் போகும்? குழியின் பாதி உயரத்தில் சுவரில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் கீழே தொங்கி, வளைந்து, லிப்டின் அடிவயிற்றில் போய்ச் சேரும். லிப்ட் எங்கே போனாலும் கூடவே போகும், கூடவே வரும்.

கோயமுத்தூர்க் கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். விளக்குக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று என்று தனித்தனிக் கேபிள்கள். அல்லது எல்லாவற்றையும் ஒன்றாகப் பின்னிய ஒரே கேபிள்: நடுவில் பாரம் தாங்கச் சணல் கயிறு, சுற்றிலும் பதினாறு கம்பி, மேலே ரப்பர், அதற்கும் மேலே மெழுகு பூசிய நூல் பின்னல். கைக்குப் பாம்பு மாதிரி வழவழவென்று இருந்தது. பார்த்ததும் மயங்கிவிட்டேன். விளக்கு, பட்டன், அபாய மணி... எல்லாம் ஒரே கேபிளில்! இதைவிட என்ன வேண்டும்?

அந்த மணிக்காகத்தான் டீமேக்கர் விசுவநாதனோடு எனக்கு முதல் சண்டை. டீமேக்கர் என்றால் பாக்டரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். பாலக்காட்டுக் கல்பாத்தி ஐயர். ஒரு இலை தரையில் கிடந்தாலும் குனிந்து எடுப்பார்.

"மணி எதுக்காக்கும்? மேலே போறது கொழுந்துன்னா? கொழுந்து மணி அடிக்குமோ?" என்றார்.

"கொழுந்தோட ஆளும் ஏறுவாங்க சாமி. நடுவால நின்னு போச்சுன்னா?"

அரை மனதாகத் தலையாட்டினார். மணி கீழே ரோலர் பக்கத்தில், சத்தத்தை மீறிக் கேட்கும்படி பெரிதாகப் பொருத்தினேன். ஜெயித்துவிட்ட பெருமை எனக்கு.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

கேபிள் மர உருளையில் சுற்றித்தான் வரும். மாதக்கணக்கில் சுற்றிக் கிடந்ததால் அதற்குள் ஒரு முறுக்கு ஏறியிருக்கும். அதனால் ஒரு முனையை மேலே கட்டி, மறுமுனையை எதிலும் சேர்க்காமல் குழிக்குள் தொங்க விட வேண்டும். அது தானாகச் சுற்றும்... சுற்றிச் சுற்றி முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். முழுசாக ஒரு நாளாவது தொங்க வேண்டும். சுற்று நின்ற பிறகுதான் லிப்டில் இணைக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் யாரும் அதற்கு முன்னால் அதைத் தொட மாட்டார்கள்.

புதன்கிழமை காலையில் தொங்க விட்டேன். அன்றைக்குப் பார்த்து நல்ல கொழுந்து வரத்து. பழைய தூக்கி இல்லை. பெண்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்து மூன்று மாடி ஏறினார்கள். பேச்சியம்மா என்கிற அம்மாள் மாடி வேலைக்குத் தலைவி மாதிரி. ஐம்பது வயதிருக்கும். மலைச் சரிவில் முப்பது வருஷம் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்துபோனதால்தான் மாடிக்கு மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். என்னைத் தாண்டும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"கரண்டய்யா, இது எப்பம் ஓடும்?"

மாலை நான்கு மணிக்கு விசுவநாதன் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். குழியைப் பார்த்தார்.

"இதென்ன ஓய், வெறுமனே தொங்கிண்டிருக்கு! எத்தனை நாழி வேடிக்கை பார்க்கறதா உத்தேசம்?"

"நாளைக்குக் காத்தால வரைக்கும் தொங்கோணுங்க சாமி."

"கொழுந்து நாளைக் காலம்பற வரை காத்திண்டிருக்குமோ?"

கேபிளின் முனையைப் பார்த்தேன். இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான். ஆனால் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அவசரப்படுத்தினார், அந்த அம்மாளின் முழங்காலைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றெல்லாம் சொல்லலாம். பாதி நிஜமும்கூட. மீதிப் பாதி? எனக்கே பொறுக்கவில்லை, ஐயா. காலையிலிருந்து ஒரு கேபிள் சுற்றுவதை எத்தனை நேரம்தான் பார்ப்பது? எட்டிக் கையால் பிடித்தேன். நிறுத்தினேன். இணைத்துவிட்டேன்.

அஞ்சு மணிக்கு லிப்ட் ஓடியது. பேச்சியம்மா கூடையோடு ஏறிப்போய், இறங்கி வந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இப்போதும் உறுத்துகிறது.

வியாழன் ஓடியது. வெள்ளி, சனி ஓடியது. திங்கட்கிழமை காலை, பில்லில் கையெழுத்து வாங்குவதற்காகக் கீழே நின்றிருந்தேன். லிப்ட் மேலே போய் முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. மேலே கூடைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நடப்பேன், நிற்பேன், மறுபடி நடப்பேன். ஏன் வரவில்லை என்று ஏறிப்போய்ப் பார்த்தேனா? இல்லை.

அப்போதுதான் கொழுந்து விழுந்தது.

விசுவநாதன் பாய்ந்து வந்தார். "என்ன அக்கிரமம் இது! யாராக்கும் மேலே? கொழுந்தைக் கொட்டறது யாரு?" ரோலர்களை நிறுத்தச் சொன்னார். பாக்டரியே அமைதியானது. அந்த அமைதியில்தான் அந்தக் குரல் கேட்டது.

"நான்தான் சாமி! பேச்சியம்மா! நடுவுல நின்னு போச்சு!"

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சுவர், விளக்கும் இல்லாமல் லிப்ட் தொங்கியது. முறுக்குத் தீராத கேபிள் வளைவில் கோணிக்கொண்டு, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கிறது. லிப்ட் ஏற ஏற இழுபட்டு, அறுந்துவிட்டது. விளக்கு போயிற்று. பட்டன் போயிற்று. சண்டை போட்டு ஜெயித்து வைத்தேனே மணி... அதுவும் அதே கேபிளில்தானே! எல்லாம் சேர்ந்தே போயிற்று.

உச்சி அறைக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, மோட்டாரைக் கையால் சுற்றி இறக்கினோம். அவசரத்தில் இரண்டு தடவை பிடி நழுவியது.

பேச்சியம்மா வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. குரல் கட்டிப்போயிருந்தது. விசுவநாதன் தரையில் கிடந்த இலைகளைப் பார்த்துக்கொண்டே, "அதுக்காகக் கொழுந்தைக் கொட்டுவியோ? கத்தப்படாதோ?" என்றார்.

"கத்தாமலா இருந்தேன்? அந்த மணிப் பட்டனை அமுக்கி அமுக்கி விரலு வலிக்கி. முக்கா மணி நேரமாத் தொண்டை கிழியக் கத்துதேன், ஒரு நாதிக்கும் கேக்கல. சுவரோரச் சந்து வழியா ஒரு கூடை கொழுந்தைத் தள்ளிவிட்டேன்... அத்தனை பேரும் ஓடி வந்துட்டிய!"

நான் மட்டும் என்ன, கொழுந்தைத் தவிர வேறு எதைப் பார்த்தேன்?

கதை இத்தோடு முடிந்திருந்தால் தேவலை. விசுவநாதன் ஆபீசுக்கு ஒரு சீட்டு எழுதினார். கொழுந்தை வீணாக்கியதற்காகப் பேச்சியம்மாவை மாடியிலிருந்து எடுத்து மறுபடி மலைக்குப் பறிக்க அனுப்ப வேண்டுமாம். அந்த முழங்காலோடு! லிப்ட் ஏன் நின்றது என்று சீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. 'கேபிள் பழுது' என்று நான் எழுதிக் கொடுத்தால் கடைக்காரன் தலையில் போய்விடும். என் பெயர் எங்கேயும் வராது. அடுத்த மலையில் இதே கம்பெனியின் இன்னும் இரண்டு பாக்டரி வேலை பேசி முடிந்திருந்தது.

எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பாக்டரி கணக்கு அறையில் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து, சாப்பிடாமல் மூடினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பேச்சியம்மா கீழே உட்கார்ந்து, தான் கொட்டிய கொழுந்தை ஒவ்வொன்றாகக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை.

நேரே தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஆபீசுக்குப் போனேன். "கேபிள் மேல குத்தமில்லீங்க. கொழுந்து கொட்டுனவங்க மேலயும் குத்தமில்லீங்க. சுத்தி முடிக்கறதுக்குள்ள புடிச்சு நிறுத்துனது நானுங்க" என்றேன். துரைக்குத் தமிழ் புரியும். கேட்டுவிட்டு விசுவநாதனின் சீட்டைக் கிழித்தார். என்னுடைய அடுத்த இரண்டு வேலைகளையும் சேர்த்துத்தான்!

இந்த லிப்டை மட்டும் என் சொந்தச் செலவில் சரி செய்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. மறுநாளே கோயமுத்தூர் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். வியாழன் காலையில் தொங்க விட்டேன். சுற்ற ஆரம்பித்தது.

பேச்சியம்மா குழிக்கு எதிரே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார். கொழுந்து வரத்து இல்லாத நேரமெல்லாம் அதில் உட்கார்ந்து, கேபிள் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுட்டா கரண்டய்யா?"

"இன்னும் இல்லீங்கம்மா."

"அப்பம் தொடாதிய."

தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், நடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில்தான் அசையாமல் நின்றிருந்தது. அப்புறம்தான் இணைத்தேன்.

மணிக்கு மட்டும் இந்தத் தடவை தனியாக ஒரு மெல்லிய கேபிள், அதற்குத் தனி பாட்டரி. அதையும் தொங்க விட்டு இணைத்து முடித்தபோது, வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போட விசுவநாதன் வந்தார். துரை சீட்டைக் கிழித்ததை அவர் இன்னும் ஜீரணிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஒண்ணு போறாதுன்னு மணிக்குன்னு தனியா ஒண்ணா? எதுக்காக்கும்? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கூடையிலிருந்து பதில் வந்தது.

"கொழுந்து மிச்சமாகும்லா, சாமி!"

விசுவநாதன் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.