பிரேக்கில் காற்றை விட்டவர் அண்ணன் அல்லர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, உங்களில் சிலர் பதினாறாம் நாள் பந்தியிலேயே, "ஊரு வண்டிக்கெல்லாம் பிரேக் பாத்தான், கடைசில அவன் கையே அவனுக்கு எமனாப் போச்சு" என்று பேசினீர்கள். என் காதில் விழுந்தது. பாயசத்தைச் சாப்பிட்டு முடித்தேன். அந்தப் பேச்சு பொய். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அண்ணன் மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் பிறந்தவர். தந்தையார் தவறியபோது ஒன்பதாம் வகுப்பு. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அவர் உழைப்பில்தான் நான் பட்டம் வாங்கினேன். பின்னாளில் ஆழ்வார்பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டார். கோபக்காரர், சிரிக்கவும் தெரிந்தவர். ஆனால் பிரேக் குழாயில் கடுகளவு காற்று இருந்தாலும் வண்டியை வெளியே விட மாட்டார். சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு "அமுக்கு... புடி... வுடு" என்பார். மேலே ஒருவர் பெடலை மிதிக்க, நிப்பிள் என்னும் சிறு திருகைத் தளர்த்தி, குமிழி நின்று ஆயில் மட்டும் வரும்வரை எடுப்பார். கல்யாணமான புதிதில் அண்ணியே மிதித்திருக்கிறார். "ஆயிலு நசுங்காது, காத்து நசுங்கும். நசுங்குச்சுன்னா பிரேக்கு இல்ல" என்பார்.

சென்ற ஆண்டு நான் ஒரு பழைய கார் வாங்கினேன். அதற்குப் பூஜை போட அடையாறில் கோயில் வாசலில் என் மாமனார் வீட்டார் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அண்ணன் தன் ஷெட்டில் காற்றை எடுத்து எடுத்துப் பார்த்தும், பத்து மணி ஆகியும் பிரேக் பெடல் மெத்தென்றே இருந்தது. அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"டேய், எவனோ முன்சக்கரத்துல பிரேக்கு புடிக்கிற காலிப்பரை, லெஃப்டை ரைட்ல மாத்தி மாட்டிக்கீறான். நிப்பிள் அடியில கீது. காத்து மேல குந்திக்கினு கீது, எப்டி வெளிய வரும்? கயட்டி மாத்தணும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

"ராகு காலம் வந்துடும்ணா. எல்லாரும் நிக்கறாங்க. மெதுவாப் போனா போதாதா?"

"வேணாம்டா."

நான் விடவில்லை. "உன்னால என் மானமே போவுது" என்று கத்தினேன். ஐயோ, அந்த வாயை என்ன செய்வது! அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து சாவியை வாங்கினார்.

"அப்ப நான் ஓட்டறேன். நீ என் பைக்ல பின்னாடி வா. கிட்ட வராத."

இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் காரின் பின்விளக்கு முன்பைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் எரிந்தது. அதை நான் பார்த்தேன். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. அடையாற்றுப் பாலத்து இறக்கத்தில் முன்னால் போன பள்ளி வேன் சட்டென நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மிதித்து மிதித்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கார் நிற்கவில்லை. வேனுக்கு இரண்டு முழம் இருக்கும்போது அண்ணன் இடப்பக்கம் ஒடித்துச் சுவரில் மோதினார். வேனில் ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் நினைவு தப்புமுன் என்னிடம் சொன்னார்: "யாரு கேட்டாலும் அண்ணன்தான் சரியாப் பாக்கலன்னு சொல்லிடு. நீ மாட்டிக்காத." அப்படியே சொன்னேன். போலீசாரிடம் சொன்னேன், அண்ணியிடமும் சொன்னேன். ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றது. அண்ணி அதைப் பூட்டிவிட்டு இப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறார்.

கதவை நெம்பி அண்ணனைத் தூக்கி, மீன் ஏற்றும் ஆட்டோவில் கொண்டுபோன ஊரூர் குப்பத்துச் சகோதரர்கள் இருவருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், சடங்குகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த ஓராண்டும் எனக்குச் சோறு போட்ட அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அச்சுக்குப் போகுமுன் இதைப் படிக்கக் கேட்டார். "மலர்லயே பாத்துக்குங்க அண்ணி" என்றேன்.

நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அவரும் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். நான் வெளியே போக மாட்டேன். அவர் எதிரிலேயே இருப்பேன்.

– தம்பி