நாத்தனாரின் இடுப்புப் பெட்டி

பத்தொன்பது வருடங்களாக அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருந்த அவளை எல்லோரும் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். நாத்தனாரும் அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்து 'அண்ணி, அண்ணி' என்று அழைக்கத் தொடங்கிய ஒரே மாதத்தில், இயக்குநர்வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வயிற்றெரிச்சல் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் நின்று பேசவேண்டியதை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். அப்போது பயம் ஒன்றுமில்லை. அண்ணிக்குக் கணீரென்ற குரல். நாத்தனாருக்குக் கீச்சுக் குரல். மூன்றாவது வரிசையிலேயே ஆட்கள் கொட்டாவி விடுவார்கள்.

ஒருநாள் நாத்தனார் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். காதோரம் வளைந்து வந்த கம்பியின் நுனியில் குட்டி மைக். வயரே இல்லை. அவள் முணுமுணுத்தாலும் கூடம் முழுக்கக் கேட்டது. திமிங்கலத்தைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடித்தது. பக்கத்துக் கற்கள் கூடத்தில் தொண்டை கிழியக் கத்திய அண்ணி, தன்னிடமிருந்து இரண்டு பேர் நைசாக நழுவிப் போனதைக் கண்ணாலேயே பார்த்தாள்.

"உனக்கும் ஒண்ணு வாங்கிக்கோயேன். எப்படி மாட்டுறதுன்னு அவளே சொல்லித் தருவா," என்றான் கணவன்.

"உங்க தங்கச்சிகிட்ட நான் பாடம் படிக்கணுமா? அது மட்டும் நடக்காது!"

ஆனாலும் வாங்கினாள், அதே பெட்டியை, யாருக்கும் தெரியாமல். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று மாட்டிப் பார்த்தாள். மைக்கை உதட்டருகே கொண்டு வந்தால் மூச்செல்லாம் 'புஸ் புஸ்' என்றது. பெட்டிப் பக்கம் குனிந்தாலோ காதைக் கிழிக்கும் ஊளை. வெளியே கணவன் கதவைத் தட்டினான்.

"உள்ள என்ன சத்தம்?"

"குழாய்!"

மறுநாள் கற்கள் கூடத்தில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டாள். மைக் சுவிட்சைப் போட்டாயிற்று. கூட்டம் வந்ததும் பெட்டியின் சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள். பெட்டிதான் அணைந்திருக்கிறதே என்ற தைரியத்தில், அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

"அவளுக்குத் திமிங்கலத்தைப் பத்தி என்ன தெரியும்? நான் எழுதிக் குடுத்ததைக் கிளி மாதிரி ஒப்பிக்கிறா. பெட்டி இல்லன்னா அவ பேச்சை எறும்புகூடக் கேக்காது!"

அடுத்த கூடத்தில் நாத்தனார் தண்ணீர் குடிக்க மைக்கை மட்டும் அணைத்திருந்தாள். இரண்டு கருவிகளும் ஒரே அலைவரிசை எண்ணில் இருந்ததால், அண்ணியின் குரல் கணீரென்று அவள் இடுப்பிலிருந்து கிளம்பியது. முப்பது பேர் கேட்டார்கள். தண்ணீர் புரையேறியது.

சிரிப்பொலி சுவரைத் தாண்டி வந்தபோதுகூட அண்ணிக்கு விளங்கவில்லை. நாத்தனார் கண்கள் சிவக்க எதிரே வந்து நின்றபோதுதான் விளங்கியது.

நாத்தனார் சண்டை போடவில்லை. அண்ணியின் பெட்டியையும் மைக்கையும் வாங்கி, பொத்தானை அழுத்தி இரண்டிலும் எண்ணை மாற்றினாள்.

"நீங்க ஏழுல வெச்சுக்கோங்க, அண்ணி. நான் மூணுல இருக்கேன்."

"நான் ஏதோ வாய் தவறி..."

"பொய்யா சொன்னீங்க? எழுதிக் குடுத்தது நீங்கதான்னு அங்க கேட்டவங்ககிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவ்வளவு நல்லவளாகவும் இருக்கவேண்டுமா என்றுதான் அண்ணிக்கு அன்று முழுக்க எரிந்தது.

விஷயம் இயக்குநர் காதுக்கும் போனது. அவர் கோபப்படவில்லை. திமிங்கலக் கூடத்துக்கு ஓர் ஒலிப்பதிவு வேண்டும் என்றார். "எழுத்து உங்களுது அண்ணி, குரல் அவங்களுது."

அண்ணி தலையாட்டிவிட்டு வந்து எழுதினாள். நடுவில், வேண்டுமென்றே, மூச்சுவிட இடமில்லாமல் ஏழு வரிக்கு ஒரே வாக்கியம் வைத்தாள். பதிவு நாளன்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கே திணறப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

நாத்தனார் அதை ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு படித்து முடித்தாள். "எவ்வளவு அழகான வரி அண்ணி!" என்று வேறு சொன்னாள்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன.