உப்பில்லா விரதத்தில் நான் நிறுத்திய மருந்து

மாரியம்மன் அடியார்களே, போன மாசித் திருவிழாவில், காப்புக் கட்டிய ஆறாம் நாள், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். கால்கள் இரண்டும் ஈரத்துணி போலத் துவண்டுவிட்டன. படுத்த இடத்திலேயே மேல்மூச்சு வாங்கியது. வயது பத்தொன்பது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

நானே தேடிக்கொண்டது அது. ஒரு வருடத்துக்கு முன்புதான் கண்டியில் டாக்டர் என் நோயைக் கண்டுபிடித்திருந்தார். உடம்பில் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டும். என்னுடையது சரியாகத் தள்ளுவதில்லை. இரத்தத்தில் தேங்கும் அமிலம் எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தில் கல் உண்டாக்கும், தசையின் பலத்தை வாங்கிவிடும். அதை முறிக்கத் தினம் மூன்று வேளை சோடா மருந்து. பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள் அல்லவா, எல்லாம் புரிந்தது. குடித்தேன், தேறினேன். அந்த நன்றியில் ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேர்ந்தேன்.

காப்புக் கட்டினால் உப்புச் சேர்க்கக் கூடாது. மருந்தோ நாக்கில் உப்பாகக் கரித்தது. யாரையும் கேட்காமல் போத்தலை மூடி வைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே அழுதார். அங்கேயும் அதே மருந்தைத்தான் கொடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகவும் நான் சம்மதிக்கவில்லை. "தாயே, உனக்குப் பிழை செய்யவும் பயம், சாகவும் பயம். நீயே ஒரு வழி சொல்லு" என்று வேண்டினேன்.

வாசலில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. கரகம் எங்கள் லயத்துக்கு வர வேண்டியது மறுநாள். மழை வருமென்று அன்றே கொண்டுவந்துவிட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்ற நான் வராததைப் பார்த்துப் பூசாரி விசாரித்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். பூசாரி வாசலில் நின்றபடியே என்னைக் கேட்டார்:

"ஏம்மா, ஆத்தா கருவாட்ட விடச் சொன்னா நீ மருந்த விட்டியா? இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். "காப்புக்குக் குத்தமில்லீங்களா?"

"காப்பு கையில இருக்கட்டும், மருந்து வயித்துல இருக்கட்டும்" என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, போத்தல எடுங்க. லொறிக்கு நான் சொல்லிவிடுறேன்."

குடித்தேன். அன்றே லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்துவிட்டது என்று அதற்கும் மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் நடந்தேன். தீச்சட்டியை எனக்காக அம்மா எடுத்தார்.

இன்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். மருந்து தவறுவதில்லை, கிளினிக் தவறுவதில்லை. வாந்தி, காய்ச்சல் என்றால் டாக்டரிடம் ஓடுகிறேன். நோய் போகவில்லை. பயம் போய்விட்டது. இந்த வருடம் காப்புக்கு முன்பே லயம் லயமாகப் போய், நேர்ந்துகொண்டவர்களில் மருந்து குடிப்பவர்கள் யார் என்று கேட்டேன். ஏழு பேர் அகப்பட்டார்கள். மருந்தை விட வேண்டாம் என்று அவர் வாயாலேயே கேட்கட்டும் என்று ஏழு பேரையும் பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

உங்கள் கஷ்டத்தையும் அவளிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள், கேட்பாள். மருந்தை மட்டும் ஒரு வேளையும் விடாதீர்கள். அதுவும் அவள் கொடுத்ததுதான்.