லீலா கேட்ட இரண்டு வருடம்

2006-இல் எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். என் மனைவி லீலா கொட்டாரத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. அவளை உடனே ராஜினாமா செய்யச் சொன்னேன்.

"இப்ப விட்டா பென்ஷன் கிடையாது. ரெண்டு வருஷம் போனா விருப்ப ஓய்வு வாங்கலாம். நீங்க முதல்ல போங்க" என்றாள்.

"நான் சம்பாதிக்கது ஒனக்குப் பத்தாதா?"

அவள் கோபப்படவில்லை. "வயசாயிட்டுன்னா அங்க நம்மள வச்சிருக்க மாட்டாவ. திரும்பி வந்து பிள்ளைககிட்ட கை நீட்டக் கூடாதுல்லா."

என்னைவிட அவளுக்கு வேலைதான் பெரிது என்று நினைத்துக்கொண்டேன். விமானம் ஏறும்வரை சரியாகப் பேசவில்லை. சொன்னபடியே இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தாள்.

எனக்கு வயதாகும் முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் வீட்டிலேயே கிடந்தேன். ஒரு காலை லீலா ஏடிஎம் கார்டை என் சட்டைப்பையில் வைத்தாள்.

"பென்ஷன் வந்திருக்கும். எடுத்துட்டு, குளச்சல் போயி நல்ல மீனா வாங்கிட்டு வாங்க."

பழைய பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அந்த இரண்டு வருடமும் தனியாக இருந்தது நான் மட்டுமல்ல என்பது, மீனோடு பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது வெளிநாடு போகிறவர்கள் யாராவது என்னிடம் விவரம் கேட்டால், மனைவியையும் என்னிடம் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன்; அவர் சொல்வதையும் கேட்ட பிறகுதான் விவரம் பேசுகிறேன்.