அழகியக்காவின் உலக்கை

வீட்டைப் பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அழகியக்கா உலக்கையைத் தூக்கிவிடுவார். கூடத்துச் சுவரில் ஓங்கி ஓர் இடி. வந்தவர் பதறிப் பின்வாங்குவார். பூண் போட்ட உலக்கைதான் துள்ளித் திரும்பும். "ஒங்க வீட்டுச் சொவத்துல இப்படி இடிக்க விடுவீங்களா?" என்று அக்கா மூச்சு வாங்கக் கேட்பார். எதிர்வீட்டுக்காரனான எனக்கு இது பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

அன்னவாசல் கடைத்தெருவில் இட்லி மாவு விற்பவர் அக்கா. கஜா புயலில் அவருடைய பழைய வீட்டுக் கூரை பறந்துபோய்ப் புளியமரத்தில் தொங்கியது. மண்சுவர்கள் கரைந்து விழுந்தன. விடிந்து பார்த்தால், தலைவாசல் நிலை மட்டும் தனியாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார்.

பிறகு கட்டியதுதான் இந்த வீடு. நடுவில் தெர்மாகோல் பலகை, அதன் இருபுறமும் கம்பி வலை, வலைமேல் காங்கிரீட் பூச்சு. "மீன் பெட்டிக்குள்ள குடியிருக்கப் போறியாக்கும்" என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்து வந்த புயல்மழையில் தெருவே அந்த மீன் பெட்டிக்குள் போய்ப் படுத்தது. நானும் படுத்தேன். வெளியே கரண்டு கம்பம் சாய்ந்தது. உள்ளே பிள்ளைகள் தூங்கினார்கள்.

அன்றிலிருந்து அக்கா வாயைப் பிடிக்க முடியாது. "காத்து என்ன பண்ணும்? கரையானுக்கு இங்கிட்டு என்ன இருக்கு திங்க? சிமிட்டியத் திங்குமா?"

வீடு கட்டும்போது அக்காவுக்கு ஒன்றில் மட்டும் பிடிவாதம். கொத்தனார் உதயசூரியன் வாசலுக்கு இரும்புச் சட்டம் போடச் சொன்னார். "நெலை இல்லாத வீடு லாட்ஜு மாதிரில்ல இருக்கும்" என்று அக்கா அந்தப் பழைய நிலையையே கொண்டுவந்தார். அதன் அடியில் போடும் நவதானியம் மண்ணைத் தொட வேண்டும் என்று, போட்ட காங்கிரீட் தளத்தை அந்த இடத்தில் உடைக்கவைத்தார். பூசை முடிந்து ஓட்டையை அடைக்கப் போன உதயசூரியனையும் தடுத்துவிட்டார். "சாமி மூச்சு விட வேணாமா?"

போன மாதம் அக்காவின் தங்கை செவந்தி வந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருப்பவள். மழைக்கு முன் வீடு கட்டியாக வேண்டும். இப்படித் தெர்மாகோல் வைத்துக் கட்டலாமா என்பதற்கு அக்கா வாக்குத்தான் அவளுக்கு வேதவாக்கு.

அக்கா உலக்கையைத் தூக்கினார். தங்கை வந்த பூரிப்பு. சுவரை விட்டுவிட்டு நிலையில் இடித்தார். "கஜாவுக்கே நின்ன நெலைடி இது."

உலக்கை திரும்பி வரவில்லை. பூண் மறைய உள்ளே போய்விட்டது. மஞ்சளும் குங்குமமும் தோலாக உரிந்தன. உள்ளே மரமே இல்லை. வெளிறிய கரையான்கள் குங்குமத்தின் மேல் கொட்டின. அத்தனை வருடமும் அந்த நிலையைத் தொட்டுக் கும்பிட்டுத்தானே அக்கா மாவுக்கூடையைத் தூக்கினார்.

உதயசூரியன் வந்து நிலையோரப் பூச்சைப் பெயர்த்தார். தெர்மாகோலில் விரல் நுழையும் அளவுக்கு வளைகள். "சொவத்துக்கு ஒண்ணுமில்லக்கா. காங்கிரீட்டு, கம்பி எல்லாம் அப்படியேதான் இருக்கு. தெர்மாகோலு அதுக்குத் தீனி இல்ல, பாதை. நெலைக்கு அடியில நம்ம அடைக்காம விட்ட ஓட்டை வழியாத்தான் மண்ணுலேருந்து ஏறியிருக்கு."

"அப்ப நான் கட்டவா, வேணாமாக்கா?" என்றாள் செவந்தி.

அக்கா மிச்சமிருந்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உதயசூரியனிடமிருந்து கடப்பாரையை வாங்கினார். இரண்டே நெம்பில் நிலை பொலபொலவென்று உதிர்ந்தது.

பிறகு செவந்தியின் கையைப் பிடித்து, அந்த வளைகளுக்குள் விரல்களை அழுத்தி நுழைத்தார்.

"நல்லாத் தொட்டுப் பாத்துட்டுக் கட்டு."

கரையான் புறங்கையில் ஏறியது. செவந்தி கையை இழுத்தாள். அக்கா விடவில்லை.